இரட்டை வால் விமானத்தின் எண்

உத்தமபாளையத்தில் என் பூக்கடைக்கு அடுத்த கடை நல்லகண்ணு அண்ணனுடையது. வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவது அவர் தொழில். நம்பர் பிளேட், ஆட்டோவின் பின்கண்ணாடிக்குச் சாமி படம், வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பைக்காரர்கள் கேட்டால் நாய் படம் என்று எல்லாம் செய்வார். அறுபதைத் தாண்டியவர். அதிர்ந்து பேச மாட்டார். காலையில் என்னிடம் ஒரு முழம் பூ வாங்கி அம்மன் படத்துக்குப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடுவார்.

அவர் தன் அப்பாவைப் பார்த்ததில்லை. அப்பா முத்துக்கருப்பன் விமானப் படையில் மெக்கானிக். நம் நாட்டுக்கு ஜெட் விமானம் வந்து அதிக வருஷம் ஆகாத காலம் அது. ஹைதராபாத் பக்கத்து முகாம் ஒன்றில், ஓடுபாதையில் நடந்த விபத்தில் அவர் இறந்தபோது அண்ணன் தாய் வயிற்றில் இருந்தார். எரித்ததும் அங்கேயே. ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு தகரப் பெட்டிதான். அதற்குள் ஒரு போட்டோ. அரைக்கால் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இரட்டை வால் வைத்த ஒரு விமானம். இத்தனை வருஷமும் அது கிராமத்தில் இருக்கும் மொக்கம்மாள் அத்தையின் சேலைகளுக்கு நடுவில் கிடந்தது. அண்ணனின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

போடியில் வங்கி வேலை பார்க்கும் சசிதரன் என்ற தம்பி ஒரு நாள் கடைக்கு வந்தார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானப் பொம்மை செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. அதன் இறக்கையில் ஒட்டச் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டங்கள் வெட்டித் தரச் சொன்னார். வெட்டும்போதே அண்ணன் தன் அப்பா கதையைச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே அதே இரட்டை வால் விமானத்தின் பொம்மைத் துண்டுகள் அடங்கிய பெட்டி ஒன்று வந்து இறங்கியது. இருவரும் உட்கார்ந்து ஒட்டினார்கள். வாலில் வரையும் கொடியில் எந்த நிறம் முன்னால் வரும் என்று போனில் நாள்கணக்கில் பேசினார்கள். எல்லாம் சரியாக அமைந்தது, வாலில் எழுதும் எண் ஒன்றைத் தவிர. போட்டோவில் முதல் இரண்டு எழுத்து தெரிந்தது. மற்றது ஒரே வெளுப்பு.

"நம்பர் மட்டும் கிடைச்சிட்டா போதும்ணே" என்றார் சசிதரன். "சில விமானத்த ஒடைக்காம காலேஜ் வாசல்லயும் பார்க்லயும் தூண் மேல நிப்பாட்டி வச்சிருக்காக. நம்பர வச்சு அது எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சிரலாம். உங்கப்பா வேல பாத்தது இன்னும் நின்னாலும் நிக்கும்."

அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரே ஒரு தடவ தொட்டுட்டு வந்துருவேன் அன்னத்தாய்" என்றார் என்னிடம். "எங்கப்பா கை பட்ட எடம்னு இந்த ஒலகத்துல எனக்கு வேற என்ன இருக்கு?"

நானும் கௌமாரி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

போட்டோ முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. வாலில் உள்ள வெளுப்பும் பூஞ்சைதான், துடைத்தால் எண் வந்துவிடும் என்று அண்ணன் நம்பினார். வால் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் போனில் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் காட்டினார். எனக்கும் காட்டினார். வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பழைய படத்தைத் தெளிவாக்கும் ஆப் ஒன்று உண்டு என்று தேனி ஸ்டுடியோவில் சொன்னார்களாம். அதில் போட்டார். பளிச்சென்று மூன்று இலக்கம் வந்தது.

அன்று அண்ணன் எனக்கும் எதிர்க் கடைக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். எண்ணை வெட்டி ஒட்டியும் விட்டார். சசிதரனுக்கு அனுப்ப இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கட்டும் என்று மறுபடி அதே படத்தை ஆப்பில் போட்டார். வேறு மூன்று இலக்கம் வந்தது. இன்னொரு தடவை போட்டார். அதுவும் வேறு. போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒட்டிய எண்ணை நகத்தால் உரித்தார். அடியிலிருந்த வெள்ளிப் பெயின்ட்டும் கூடவே உரிந்து வந்தது.

சரி, அசல் போட்டோவை மதுரை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று அத்தையை எடுத்துவரச் சொன்னார். கண் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தை, துணியில் சுற்றிய போட்டோவோடு என் கடையில் வந்து உட்கார்ந்தது. அண்ணனும் வந்து நின்றார்.

"அந்த மனுசன் உசுரோட இருக்கையில நாங்கூட இம்புட்டுத் தேடலடியம்மா" என்று சிரித்துக்கொண்டே பிரித்தது.

முழுப் படத்தையும் நான் அன்றுதான் பார்த்தேன். விமானத்தின் மூக்கில் வட்டமாக ஒரு பொட்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஏதோ ஒன்று. குனிந்து வாலைப் பார்த்தேன்.

"அத்தே, இது எப்ப எடுத்த படம்?"

"ஆயுத பூசையன்னைக்கு. பெட்டி கொண்டாந்தவுக சொன்னாக. நம்மூரு ஆளுக நாலஞ்சு பேரு சேந்து பூசை போட்டாகளாம்."

"ஏத்தா, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார் அண்ணன்.

"நீ நம்பரத்தானப்பா கேட்ட? நாளா கேட்ட?"

அண்ணன் என்னைப் பார்த்தார். வாலில் இருந்தது பூஞ்சை இல்லை, மாலை. அவருக்கும் அப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

"பூவுக்கு நடுவுல சந்து இருக்குமில்ல, அன்னத்தாய்? சந்துல கொஞ்சமாச்சும் தெரியாது?"

தெரியும் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சாமிக்குப் பூக்கட்டுகிற கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"அரளின்னா சந்து இருக்கும்ணே. இது செண்டுப்பூ. நெருக்கிக் கோத்திருக்காக."

அவர் தலையை ஆட்டினார். "எங்கப்பாவே போட்டிருப்பாக" என்றார்.

அதற்குப் பிறகும் இருவரும் சும்மா இருக்கவில்லை. சசிதரன் டெல்லியில் உள்ள விமானப் படை அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தார். அந்தக் காலத்துப் பராமரிப்புத் தாள்கள் இப்போது இல்லை என்று பதில் வந்தது. அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் விமானங்கள் ஏராளமாம். தூணில் நிற்கிறவற்றுக்கும் எத்தனையோ தடவை மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள், எழுதியிருக்கும் எண்ணே அதனுடையதுதானா என்று சொல்ல முடியாது என்றார்.

"ஏதாவது ஒண்ணப் போயித் தொட்டுட்டு வாங்கண்ணே. எல்லாம் உங்கப்பா வேல பாத்தது மாதிரிதான்."

"மாதிரிக்கு எதுக்குத் தம்பி அம்புட்டுத் தூரம்?" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

உரிந்த இடத்தில் மறுபடி வெள்ளி அடித்தார். எண் எழுதவில்லை. அதற்கடுத்த தடவை கண்ணுக்கு மருந்து வாங்க வந்த அத்தையின் மடியில் விமானத்தை வைத்தார். அத்தைக்கு இப்போது பார்வை மங்கல்தான். மூக்கிலிருந்து வால் வரைக்கும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தது.

"போட்டோல அவுக நிக்கிறாகளே, அந்த வண்டி இதுதானாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நானும் மனசுக்குள், சொல்லிருங்கண்ணே, சொல்லிருங்கண்ணே என்றேன்.

"இல்லத்தா. எதுன்னு தெரியல."

அத்தை விரலை எடுத்துக்கொண்டது. விமானத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தது.

"சரிப்பா. பஸ் போயிரும்."