எதிரெதிரே இரண்டு ஊசிகள்

என் மகள் ஹரிணியின் முழங்காலுக்குள் ஊசி போனது ஒரு சனிக்கிழமை மாலை. பழைய தையல் பொருள்களை வாங்கி விற்கிற இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகள் எங்கே வாங்குவது, யாரிடம் விற்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் அந்த ஊசியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். வீடு மாறுகிறவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிற பழைய கைத்தையல் போர்வைகள், கையால் சுற்றும் தையல் மெஷின்கள், ஷட்டில், பாபின், கத்தரிக்கோல் ஆகியவற்றை வாங்கிச் சுத்தம் செய்து, சேகரிப்பவர்களுக்கு விற்கிறேன். என் கணவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மெஷின்களின் துருவை அவர் எடுப்பார். துணி என் பொறுப்பு.

1. காந்தம்

பழைய போர்வை வந்ததும் முதல் வேலை, மாடியில் விரித்துக் காந்தம் ஓட்டுவது. தைக்கிறவர்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போகும்போது ஊசியைத் துணியிலேயே குத்திவைப்பார்கள். சில ஊசிகள் அடுக்குக்குள் அப்படியே தங்கிவிடும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன்.

அந்தப் போர்வையைப் பாலக்கரையில் நூர்ஜஹான் அம்மாவிடம் வாங்கினேன். காட்டூரில் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போக, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை. நடுவில் ஒரு சாண் அகலம் தைக்காமல் நின்றிருந்தது.

"முடிக்கலையாம்மா?"

"முடியல. இதையெல்லாமா வாங்குறாங்க?"

"முடிக்காததையே தேடுற ஆளுங்க இருக்காங்கம்மா."

"நல்லா இருக்கே! முடிச்சுக் குடுத்தா வேணாம்பாங்க போல" என்று சிரித்தார். மடித்துக் கொடுக்கும்போது மட்டும் ஓர் ஓரத்தைக் கொஞ்சநேரம் விடாமல் பிடித்திருந்தார்.

தைக்காத இடத்தின் ஓர் ஓரத்தில் ஓட்டும்போது, காந்தத்தில் சிவப்பு நூல் கோத்த ஊசி ஒன்று வந்தது. ஒரு போர்வைக்கு ஒரு ஊசி கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். அதை டப்பாவில் போட்டுவிட்டுப் போர்வையை வெயிலில் விட்டேன்.

மாலையில் தூறல் போட்டது. ஹரிணி மாடிக்கு ஓடி, முட்டி போட்டு உட்கார்ந்து போர்வையைச் சுருட்டினாள்.

"அம்மா, என்னமோ குத்திடுச்சு."

"எறும்பா இருக்கும்டி."

"இல்லம்மா. உள்ள போயிடுச்சு."

ஒரு பொட்டு ரத்தம்தான் இருந்தது. ஊசி வெளியே தெரியவில்லை. அவளால் காலை மடக்க முடியவில்லை.

2. வெள்ளைத் தாள்

எக்ஸ்ரேயில் ஊசித் துண்டு வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தது.

"பழைய ஊசி வளையாதும்மா, ஒடிஞ்சிரும்" என்றார் டாக்டர். "நடக்க விடாதீங்க. தசையோட உள்ள நகந்துடும்."

ஆபரேஷன் முடிந்ததும், எடுத்த முனையை ஒரு குப்பியில் போட்டுக் காட்டினார். "மறு துண்டு போர்வையில இருக்கும். கொண்டு வாங்க. முழுசா வந்துடுச்சான்னு அளந்து பாத்துடலாம்."

கணவர் வீட்டுக்குப் போய்க் காந்தம் ஓட்டி, காதுப்பக்கத் துண்டைக் கொண்டுவந்தார். அதில் பச்சை நூல் இருந்தது. தைக்காத இடத்தின் மறு ஓரத்தில் கிடைத்ததாகச் சொன்னார். நீளத்தை ஒப்பிட, டப்பாவில் இருந்த முழு ஊசியையும் எடுத்து வந்திருந்தார். இரண்டும் ஒரே அளவா என்று தெரிந்தாக வேண்டும். நூர்ஜஹான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டும் ஒரே பாக்கெட்டுதாம்மா. நானும் எங்க நாத்தனாரும் எதிரெதிர உக்காந்து தைச்சோம். நடுவுல வந்து சேரணும். அதுக்குள்ள அவ மௌத்தாயிட்டா. செவப்பு என்னுது, பச்சை அவளுது."

"அவங்க எறந்தப்புறமும் ஊசிய எடுக்கலையாம்மா?"

"அவ நிறுத்துன எடமாச்சே. உருவ மனசு வரல. ஏம்மா, என்ன ஆச்சு?"

சொன்னேன். "யா அல்லாஹ்" என்று ஒரு குரல் வந்தது. பிறகு அழுகை. திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் வெள்ளைத் தாளில் முழு ஊசியை வைத்து, அதன் கீழே இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தார். ஓர் அரிசியளவு குறைந்தது. வேறு கோணத்தில் மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில், எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த புள்ளி தெரிந்தது.

"இத நோண்டுனா கெடுதல்தான் ஜாஸ்தி. இருந்துட்டுப் போகட்டும். அப்பப்ப படம் எடுத்துப் பாப்போம்."

"நகந்துச்சுன்னா, சார்?" என்றார் என் கணவர்.

"நகரலாம். நகராமலே இருக்கலாம். வீங்குனா ஒடனே கூட்டிட்டு வந்துடுங்க."

3. இப்போது

வாங்குகிற வீட்டில் இப்போது என் முதல் கேள்வி, "எத்தனை பேர் உக்காந்து தைச்சீங்க?" என்பதுதான். தைத்த கைகள் எத்தனையோ அத்தனை ஊசிகளைத் தேட வேண்டும். அத்தனையும் கிடைத்த பிறகும் ஒருமுறை காந்தம் ஓட்டுங்கள். வாங்கியது எதையும் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் விரிக்காதீர்கள். நான் தெருக்கோடியில் தனியாக ஒரு அறை எடுத்திருக்கிறேன்.

அந்தப் போர்வையை நூர்ஜஹான் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். ஹரிணியைப் பார்க்க வந்தவர், அவள் காலைத் தொடப் பயந்து கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஹரிணி நடக்கிறாள், பஸ் ஏறுகிறாள். புள்ளி அதே இடத்தில் இருப்பதாக ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். அடுத்த படம் எடுக்கும்வரை அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நாள் போகிறது.

நேற்று அவள் ஏதோ சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கி வந்தாள். பாதியில் நின்றாள்.

"அம்மா, மூஞ்சியப் பாத்துக் கேளேன். எப்பப் பாரு முட்டியவே பாக்குற."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் அதுவரை சொன்னதில் ஒரு வார்த்தையும் என் காதில் விழுந்திருக்கவில்லை.