கோத்தகிரிப் பாதையில் ஓரகத்தி சொன்ன பொய்

போன கார்த்திகை மாதம் நடந்தது இது. என் ஓரகத்தியின் தம்பிக்குக் கோத்தகிரியில் கல்யாணம். முந்தின நாள் காலையிலேயே திருப்பூரிலிருந்து இரண்டு கார்களில் கிளம்பினோம்.

எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது கொழுந்தனார் மனைவிக்கும், ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஆனால் அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மண்ணரையில் இருக்கும் எங்கள் தையல் யூனிட்டில் செக்கிங் வேலையைக் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் பார்க்கிறேன். அவள் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் மாமியாருக்கு அவள் ‘கண்ணு’. நான் வெறும் ‘பெரியவ’. அவள் வைத்தால்தான் ரசம், அவள் எடுத்தால்தான் புடவை. என் எட்டு வயது மகள்கூடப் பள்ளி விட்டு வந்ததும் “சித்தி எங்கம்மா?” என்றுதான் கேட்பாள்.

போதாக்குறைக்குக் கொழுந்தனார் புதுக் கார் வேறு வாங்கியிருந்தார். என்னுடையது பழைய கார். நான் ஓட்டப் பழகியதே அதில்தான். கிளம்புகிற நேரத்தில் எல்லோரும் புது வண்டியில் ஏறிக்கொண்டார்கள். முதுகு வலிக்கிறது என்று சொல்லி என் கணவரும் அதில்தான் ஏறினார். மகள் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். எனக்குத் துணைக்கு வந்தவை சீர்த்தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும்தான்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன். அப்போது அவள் அந்தக் காரிலிருந்து இறங்கினாள்.

“நான் அக்காகூட வர்றனுங்க அத்தை.”

உடனே என் மகளும் குதித்து இறங்கி அவள் பின்னால் ஓடிவந்தாள். நான் பெற்ற பெண் என் காரில் ஏறியதுகூட எனக்காக இல்லை. அந்தப் புகைச்சலோடுதான் மேட்டுப்பாளையம் வரைக்கும் ஓட்டினேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பனிமூட்டம் வேறு. கண்ணாடி உள்பக்கமாக மங்கியது. பின் சீட்டில் மகள் நடுங்க ஆரம்பித்தாள். ஹீட்டரைப் போட்டேன். திருப்பூர் வெயிலில் ஹீட்டரை யார் போடுவார்கள்? அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியதாகவே எனக்கு நினைவில்லை. காற்று வந்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. வளைவில் வேகம் குறைந்தபோது அதுவும் சில்லென்று ஆகிவிட்டது.

அவள் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அக்கா, மிதிக்கறப்ப கொஞ்சம் சூடா வருதுங்க. காலை எடுத்தா ஜில்லுனு ஆயிருது. ஒருக்கா நிறுத்திப் பாக்கலாமுங்களா?”

“பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். சூடு வேணும்னா உன்ற புது வண்டியிலயே வந்திருக்கலாம்ல?” என்றேன். “சூட்டைக் காட்டற முள்ளு நடுவுலதான நிக்குது? அப்புறம் என்ன?”

அங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்னால் போகிறவர்கள் போன் பண்ணுவார்கள். ‘நான் அப்பவே சொன்னேன், அந்த ஓட்டை வண்டி வேண்டாம்னு’ என்பார் மாமியார். அதை இவள் காதில் விழும்படி நான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் மலை உச்சிவரை நடுங்கிக்கொண்டே போய்விடலாம் என்று தோன்றியது.

இன்னும் சில வளைவுகள் போயிருப்போம். இப்போது மிதித்தாலும் குளிர்ந்த காற்றுதான் வந்தது. திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா, குமட்டுதுங்க. ஓரமா நிறுத்துங்க, வாந்தி வர்றாப்பல இருக்குது.”

அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். இறங்கியவள் வாந்தி எடுக்கவில்லை. நேராக முன்பக்கம் போய் நின்று, “பானெட்டைத் திறந்து உடுங்கக்கா” என்றாள்.

திறந்தால் குப்பென்று அனல் அடித்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஊற்றுகிற டப்பா காய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மாமியார்தான்.

“எனக்குத்தானுங்க அத்தை, வாந்தி வர்றாப்பல இருந்துச்சு. அக்கா நிறுத்திட்டாங்க. நீங்க போங்க, நாங்க மெதுவா வர்றோமுங்க.”

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். பொய்யைக்கூட இவளால் இவ்வளவு பாந்தமாகச் சொல்ல முடிகிறதே என்ற எரிச்சல்தான் வந்தது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். அவள் அப்பா கோத்தகிரியில் காய்கறி வேன் ஓட்டியவராம். “குளுருல ஹீட்டர் இல்லாம எங்கூர்ல வண்டி எடுக்க முடியாதுங்கக்கா. இன்ஜினைச் சுத்தி ஓடுற சுடுதண்ணிதான் ஹீட்டருக்கும் சூடு குடுக்குது. அந்தத் தண்ணி குறைஞ்சா மொதல்ல ஹீட்டர்லதான் தெரியும். முள்ளு நடுவுலயே நிக்கும். தண்ணி இல்லாத எடத்துல அது எதைக் காட்டும்? அப்படித்தான் எங்கப்பா வேன்ல இன்ஜினே போயிருச்சு.”

“நீ அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

சூடு தணிந்ததும், வண்டியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்தாள். தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று அவள் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டுபிடித்தது நான். நாள் முழுக்க வெள்ளைப் பனியனில் கறை தேடும் கண் இல்லையா? ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் முடிகிற இடத்தில், கிளிப்புக்குக் கீழே கூலன்ட்டின் பச்சை நிறத்தில் ஒரு கறை காய்ந்து படிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது. கிளிப் லூசாகிக் கிடந்தது.

“அட, ஆமாங்கக்கா!” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நான் ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை இறுக்கினேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்தோம். உள்ளே சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேற, மறுபடியும் ஊற்றினாள். சற்று நேரத்தில் என் மகள் உள்ளேயிருந்து கத்தினாள்: “அம்மா, சுடுது!”

கல்யாண வீட்டில் போய் இறங்கினோம். வாசலிலேயே மாமியார் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மொள்ள வா சாமி, மொள்ள.” பின்னால் நாலைந்து பெண்கள். ஒருத்தி கையில் எலுமிச்சம்பழச் சாறு. அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எத்தனை நாளாச்சு கண்ணு?” என்று யாரோ கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. வாந்தி என்றதும் அவள் உண்டாகியிருப்பதாக வீடே முடிவு செய்துவிட்டது. கொழுந்தனார் திண்டாடிப் போய் சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்குமே நம்பிக்கை வந்துவிட்டது.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இல்லை என்று சொன்னால், ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் இந்த நம்பிக்கை இன்னும் வளரும். என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். எதையும் கேட்கவில்லை.

பொய் என்று தெரிந்த எனக்கே முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ‘இனி இவளுக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டால் இந்த வீட்டில் நான் எங்கே?’ அடுத்த நொடி என் மீதே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“அத்தை, அவளுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. “என்ற வண்டியில தண்ணி இல்லாமப் போச்சு. ஹீட்டர் வேலை செய்யாததை வெச்சு அவதான் கண்டுபிடிச்சா. நான் நிறுத்த மாட்டேன்னேன். அதான் வாந்தின்னு சொல்லி நிறுத்த வெச்சா. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் உங்ககிட்டயும் அப்படிச் சொன்னா. இல்லாட்டி எங்க மூணு பேரையும் இன்ஜினையும் நடுக்காட்டுலதான் தேடியிருக்கோணும்.”

மாமியார் அவள் கையை விட்டார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, “அந்த ஓட்டை வண்டியை நான் அப்பவே வேண்டாம்னேன்” என்றார். எல்லோர் எதிரிலும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை.

மறுநாள் திரும்பும்போதும் அவள் என் காரில்தான் வந்தாள். பின் சீட்டில் மகள் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

“நேத்து நான் எதுக்கு உங்க வண்டியில ஏறுனேன்னு தெரியுமுங்களா அக்கா? அந்த வண்டியில உக்காந்தா, விசேஷம் உண்டா, டாக்டர்கிட்டப் போனியான்னு வழியெல்லாம் கேப்பாங்க. மூணு வருசமா அதைக் கேக்காத ஒரே ஆளு நீங்கதானுங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு நெனைக்கற ஒருத்தர் இந்த ஊட்டுல இருக்கறாங்கன்னு நெனைச்சுக்குவேன்.”

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். கேட்டால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் மூன்று வருடமும் கேட்காமல் இருந்தேன் என்பதை எப்படிச் சொல்வது?

இன்று வரை சொல்லவில்லை. பொறாமை முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்; ஆனால் அவள் என்னை நல்லவள் என்று நம்பிய நாளிலிருந்து, அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக நடந்துகொள்ள என்னை அறியாமலே முயன்றுகொண்டிருக்கிறேன்.