கந்தவேல் சர்வீஸ்

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். இது பகலில் நடந்தது. போன ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை, மாலை நாலு முப்பத்தொன்றுக்கும் ஐந்து மணிக்கும் நடுவில். நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் கடிகாரம் இருந்தது. அன்றைக்கு நான் நிமிடத்துக்கு நிமிடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் இன்றைக்கும் சொல்வாள்.

என் பெயர் அல்மாஸ். கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் ரோட்டோரமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருவேன். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்.

லினக்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. வைரஸ் தொல்லை கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும். எனக்கு ஆகவே ஆகாதது அதன் உள்ளே உட்கார்ந்திருக்கிற அப்டேட் சர்வீஸ். யாரும் கூப்பிடாமல் தானாக எழுந்துகொள்ளும். நெட் கிடைத்த உடனே எதையோ இறக்க ஆரம்பிக்கும். கேட்காது, சொல்லாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் காலில் அட்டை ஏறுமே, அந்த மாதிரி. ஏறுவது தெரியாது. ரத்தம் குடித்து வீங்கிய பிறகுதான் தெரியும். நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து, நிற்கச் சொல்லிக் கட்டளை அடிப்பேன். நிற்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும். இனிமேல் எழவே கூடாது என்று இன்னொரு கட்டளை அடிப்பேன். அதற்கும் சரி என்று பதில் வரும். மறுநாள் வேறொரு சர்வீஸ் வந்து அதை எழுப்பி விட்டிருக்கும். அந்த வேறொன்றை எழுப்பியது யார் என்று தேடினால் இன்னொன்று. என் கடை, என் மெஷின், நான் வாங்கின நெட். ஆனால் உள்ளே நடக்கிறதில் எனக்குப் பேச்சே கிடையாது. இதைவிட அருவருப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

லினக்ஸ் போட்டுத் தந்தது கந்தவேல். பழனிக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை மலையேறி வந்து, இங்கேயும் கொடைக்கானலிலும் இருக்கிற கடைகளின் கம்ப்யூட்டர்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு இறங்குவார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தான் தயார் செய்கிற ஒவ்வொரு மெஷினிலும் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பதிந்து வைத்துவிடுவார். அதற்கு ‘கந்தவேல் சர்வீஸ்’ என்று பெயர். அவர் பக்கத்தில் வந்தாலே போதும், மெஷின் தானாக அவர் போனோடு சேர்ந்துகொள்ளும். அப்டேட் ஓட ஆரம்பித்துவிடும். அவர் வந்து உட்காருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

அதனால் அவர் தலை தெரியும் முன்பே எனக்கு வருகிறார் என்று தெரிந்துவிடும். பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் திரையில் சிக்னல் ஒரு கோடு. டீக்கடையைத் தாண்டினால் இரண்டு. என் கடைப் படிக்கு வந்தால் மூன்று. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் முழுசாக நாலு கோடு.

ஒருநாள், ஒருத்தருடைய விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது இப்படி அவர் நெட் வந்து சேர்ந்து, மெஷின் அப்படியே முடங்கிப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கந்தவேலு, இனிமே என் படி ஏறுறதா இருந்தா போனை அணைச்சுட்டு ஏறுங்க.”

“உங்க நல்லதுக்குத்தானக்கா அப்டேட்டு.”

“என் நல்லதை என்கிட்டக் கேட்டுட்டுச் செய்யிங்க.”

சிரித்தார். ஆனால் அதன் பிறகு ஒரு தடவைகூட மீறவில்லை. படியில் நின்று, போனை அணைத்து, அதை என்னிடம் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

போன ஜூன் மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பழனிக்கு என்னால் போக முடியவில்லை. அவர் மனைவி தமயந்தியிடம் போனில்தான் துக்கம் கேட்டேன்.

இனி அந்தப் புதன்கிழமை.

இரண்டு நாளாக விடாத மழை. காலையிலேயே மரம் விழுந்து நெட் கேபிள் அறுந்துவிட்டது. கரண்டும் இல்லை. கடை இன்வெர்ட்டரில் ஓடியது. என் போனிலிருந்து மெஷினுக்கு நெட் கொடுத்தேன். ஒரு ஆதார் பிரிண்ட், ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான் செய்தது. பதினொன்று இருபதுக்குப் போனில் மெசேஜ் வந்தது. இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று. அந்த அப்டேட் அட்டைதான் குடித்திருக்கிறது. டேபிளை ஓங்கித் தட்டினேன். வேறென்ன செய்ய முடியும்.

மூணு முப்பத்தைந்துக்கு ஒரு அப்பாவும் மகளும் நனைந்துகொண்டு வந்தார்கள். கொடைக்கானலைத் தாண்டி, மேல்மலையில் மன்னவனூர். அப்பா பெயர் நாச்சிமுத்து, உருளைக்கிழங்கு விவசாயம். மகள் புவனா. கவுன்சிலிங்கில் அவளுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் வந்திருந்தது. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சீட் வேறு யாருக்கோ போய்விடும்.

“மேல ரெண்டு நாளா டவரு இல்லம்மா. வெள்ளனே கெளம்பியும் பஸ்ஸு மரத்துல மாட்டிக்கிருச்சு. கொடைக்கானல்ல மூணு கடை ஏறி எறங்கிட்டோம். எங்கயும் நெட்டு இல்லங்குறாக. கொஞ்சம் வெரசாப் பாருங்கம்மா.” நாச்சிமுத்து இப்படிச் சொல்லிவிட்டு, உள்ளே ஈரம் ஆகிவிடும் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

காலையில் அந்தச் சனியன் என் டேட்டாவைத் தின்றிருக்காவிட்டால் ஐந்து நிமிட வேலை. டேட்டா போட முயற்சி செய்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. மூணு ஐம்பத்திரண்டுக்கு டவரே போய்விட்டது. என் போன், புவனாவின் நெட் வராத பட்டன் போன், இரண்டிலும் சிக்னல் பூஜ்யம்.

நாலு மணி. நாலேகால். மூடுபனி ரோட்டை மூடிவிட்டது. எதிரே இருக்கிற டீக்கடைகூடத் தெரியவில்லை. புவனா அழவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றின சர்டிபிகேட்டுகளை மடியில் வைத்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலு முப்பத்தொன்று.

உர்ர்ர்... என்று கம்ப்யூட்டருக்குள் ஃபேன் சத்தம்.

எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அப்டேட் எழுந்துவிட்டது. ஆனால் நெட்டே இல்லாதபோது எதை இறக்குகிறது...

“அக்கா, நெட்டு வந்துருச்சு.” புவனா எழுந்தே நின்றுவிட்டாள்.

மூலையில் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு. பக்கத்தில் பெயர்.

கந்தவேல் சர்வீஸ்.

யாரோ அவர் போனை வாங்கியிருப்பார்கள், அதோடு இந்தப் பக்கம் வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்க நேரமில்லை. கவுன்சிலிங் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. வெறும் வெள்ளை. வருகிற நெட் முழுவதையும் அப்டேட் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு சதவீதம் என்று காட்டியது.

நிற்கச் சொல்லிக் கட்டளை அடித்தேன். நின்றது. பத்து நொடியில் எழுந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது, நிற்கவே இல்லை. இருபத்தாறு சதவீதம். கீபோர்டிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். பயத்தால் இல்லை. அருவருப்பால்.

நாலு நாற்பது. சிக்னல் இரண்டு கோடு.

டீக்கடையைத் தாண்டியாகிவிட்டது.

வெளியே பார்த்தேன். பனிதான். யாரும் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை. ஃபேன் மட்டும் உர்ர்ர்...

நாலு நாற்பத்தாறு. மூன்று கோடு.

கவுன்சிலிங் பக்கத்தின் தலைப்பு மட்டும் வந்தது. புவனாவின் பெயர் பாதி வந்தது. கீழே ‘ஏற்கிறேன்’ பட்டன் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நெட் கிடைத்தால் வந்துவிடும்.

நாலு நாற்பத்தொன்பது.

சிக்னல் அறுந்தது.

ஒரு கோடும் இல்லை. பெயரும் இல்லை. ஃபேன் சத்தம்கூட நின்றுவிட்டது.

“போச்சுக்கா...” என்றாள் புவனா. அப்போதுதான் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்காமல்.

நான் படியையே பார்த்தேன். மூன்று கோடு வந்தது. உடனே அறுந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

படியில் நின்று போனை அணைத்திருக்கிறார்.

நான் சொன்னபடியே.

நாலு ஐம்பத்திரண்டு. துஆ ஓத நினைத்தேன், வாய் வரவில்லை. பேசாமல் ஷட்டரை இழுத்துவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் அந்தப் பிள்ளை விம்முகிறது. எட்டு நிமிடம்தான் இருக்கிறது.

“கந்தவேலு...” என்றேன். “போனை அணைக்காதீங்க. அப்படியே உள்ள வாங்க.”

ஒன்றும் நடக்கவில்லை.

“அப்டேட்டு போடணும்னாலும் போட்டுக்கோங்க. எதை வேணாலும் போட்டுக்கோங்க. மொதல்ல இந்தப் பிள்ளை சோலியை முடிச்சுக் குடுங்க.”

புவனா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

படியில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, ரோட்டைப் பார்த்தபடியே, இரண்டு காலையும் மடக்கி வழிவிட்டார்.

சளக்...

ஈரச் செருப்புச் சத்தம்.

சளக்... சளக்...

என் இடது பக்கம், கந்தவேல் உட்காருகிற காலி ஸ்டூல் கிரீச்சிட்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையை மட்டும் பார்த்தேன்.

நாலு ஐம்பத்தைந்து.

நாலு கோடு.

பட்டன் வந்துவிட்டது.

“அழுத்து,” என்றேன். “புவனா, அழுத்து.”

அழுத்தினாள். சுற்றியது... சுற்றியது... ‘உங்கள் ஒதுக்கீடு உறுதி செய்யப்பட்டது’ என்று வந்தது. நாலு ஐம்பத்தேழு. ஒரு பிரிண்ட் எடுத்தேன். காகிதம் முழுசாக வெளியே வந்ததும், யாரும் தொடாமல், திரையில் அப்டேட் தெரிந்தது. நாற்பது. எழுபது. நூறு. ஃபேன் அடங்கியது. நான் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

வெளியே போகும்போது நாச்சிமுத்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அந்தத் தம்பி வெளிய வரலயாம்மா?” என்று கேட்டார்.

பிரிண்டை அவர் கையில் திணித்தேன். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலையில் கரண்டும் டவரும் வந்தன. பகல் வெளிச்சத்தில் எனக்குத் தைரியம் திரும்பியது. ஒயரைச் சொருகி மெஷினைப் போட்டு, முதல் நாள் என்னென்ன அப்டேட் ஆனது என்று பதிவைப் பார்த்தேன். நானூற்றுப் பதினெட்டு எம்பி இறங்கியிருந்தது. ஆனால் ஒரு மென்பொருள்கூட மாறவில்லை. எல்லாம் பழைய பதிப்பு. அப்படியானால் இறங்கினது என்ன, அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்த மெஷினைத் தொடவே பிடிக்கவில்லை. ஒயரை மறுபடி பிடுங்கினேன். கையில் துணி சுற்றிக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன்.

அப்புறம் பழனிக்குப் போன் செய்தேன். அவர் போனை யாருக்காவது கொடுத்திருந்தால், எவனோ அதை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், நாம் வீணாகப் பயந்தோம் என்று முடித்துவிடலாம். அந்த ஒரு பதிலுக்காகத்தான் செய்தேன்.

“அவரு போனா?” என்றாள் தமயந்தி. “யாருக்கும் குடுக்கலக்கா. பீரோவுல கெடக்கு. காரியம் முடிஞ்ச அன்னைக்கே சிம்மைக் கழட்டி அணைச்சு வச்சேன். ரெண்டு மாசமா நான் தொடவே இல்ல.”

“கொஞ்சம் எடுத்துப் பாரும்மா.”

பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. துணிகளை நகர்த்துகிற சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது.

“தமயந்தி?”

“சூடா இருக்குக்கா...” என்றாள்.

“ஆன்ல இருக்கா?”

“இருக்கு. ஹாட்ஸ்பாட்டு ஓடுது. ஒரு மெஷினு சேந்திருக்குன்னு காட்டுதுக்கா. இப்ப. இந்நேரம்.”

“என்ன பேரு போட்டிருக்கு?”

எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அல்மாஸ் ஜெராக்ஸ்.”

அப்போது காலை பதினொன்று பத்து. மெஷினின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் கிடந்தது. ஹார்ட் டிஸ்க் பாலித்தீன் பையோடு என் கையில் இருந்தது.