வெள்ளைக்காரருக்கு அளவெடுத்த மட்டை

கோல்ஃப் விளையாட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதை விளையாடுகிறவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, ஒருவரைத் தவிர. அவரும் தெரிந்து செய்யவில்லை. அதனால் அந்தக் கோபம் போக இடமில்லாமல் என்னிடமே கிடக்கிறது.

கடல் சுனாமியாய் வந்து போய் நாலைந்து மாதம் இருக்கும். வாகரைப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்கக் கூடாரத்தில் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் தோணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதுத் தோணி கொடுக்க ஒரு நிறுவனம் பெயர் எழுதிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் பலர், தோணிகளோ சில. அதற்குப் பொறுப்பானவர் உயரமான, வயதுபோன வெள்ளைக்காரர். கதைத்துக்கொண்டு நிற்கும்போதே மூடிய குடையை இரண்டு கையாலும் பிடித்துக் காலடியில் வீசி வீசிப் பார்ப்பார். எங்களுக்கு அது பைத்தியக்காரப் பழக்கம். மாமாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. செய்தி கேட்டு டுபாயிலிருந்து வந்திருந்தார். அங்கே கோல்ஃப் மட்டை செய்யும் கடையில் வேலை. பெரிய கொம்பனி மட்டையைப் போலவே தலையை வார்த்து, வாங்குகிறவரின் உடம்புக்கு அளவெடுத்துத் தண்டு பொருத்திக் கொடுப்பார்களாம்.

"தலை கொப்பியா இரிக்கலாம் அத்தான், அதில பிழையில்ல. தண்டுதான் சீவன். தண்டு சரியில்லாட்டி எந்தப் பேரை ஒட்டினாலும் அது விறகுதான்."

"இஞ்ச அடுப்புக்கே விறகில்ல" என்றார் அப்பா.

"மனிசன் மட்டையில்லாமக் குடையை ஆட்டுறார். ஒண்டு செய்து குடுப்பம். உங்கட பேர் மேல வரும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாதான், "அவன் சொல்றதையும் ஒருக்காக் கேளுங்கவன்" என்றாள்.

மாமாவின் பெட்டியில் கொழும்பில் விற்பதற்கென்று சில பந்தும் ஒரு தலையும் இரண்டு தண்டும் இருந்தன. ஒன்று உருக்கு, மற்றது கறுப்புக் கார்பன். இரண்டையும் முழங்காலில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேகமாக வீசுகிறவனுக்குத்தான் விறைப்பான தண்டாம். வயதுபோனவருக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டுமாம். விலை கூடிய கறுப்புத் தண்டையே எடுத்து வைத்தார்.

இனி அளவு வேண்டும். மணிக்கட்டிலிருந்து நிலம்வரை. அதை அவரிடம் கேட்க முடியுமா?

"அவருக்குக் கிட்டப் போய் நில்லு மகள். மணிக்கட்டு உனக்கு எவ்வடத்தில வருகுதெண்டு பாத்திட்டு வா."

அந்நியரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் ஒளிகிறவள் நான். என்றாலும் போனேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மணிக்கட்டு என் சட்டையின் மூன்றாம் பொத்தானுக்கு நேரே வந்தது. மாமா அந்தப் பொத்தானிலிருந்து நிலம்வரை நூல் பிடித்தார்.

மட்டையைக் கொடுக்கப் போனபோது அப்பா வரவில்லை. வெட்கம். வெள்ளைக்காரர் அதைக் கையில் பிடித்ததும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். மொழிபெயர்க்க மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அண்ணன், "தன்ட சொந்த மட்டைகூட இப்பிடிப் பொருந்தாதாம்" என்றார். மாமாவின் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு வெள்ளைக்காரர், அடித்துப் பார்க்க வெட்டவெளியான, மட்டமான இடம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

ஒருநாளும் வாய் திறக்காத நான் சொன்னேன்: "எனக்குத் தெரியும்."

பனைகளுக்கு அப்பால் மணல் பாய் விரித்தது போலக் கிடந்தது. ஒரு முள் இல்லை, அடம்பன்கொடிகூட இல்லை. விறகு பொறுக்கப் போனபோது கண்டது. கடல் வந்த கிழமை நான் மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டில் நின்றேன். மாதக்கணக்கில் அங்கேயே வைத்திருந்தார்கள். மாமா டுபாயில். மற்ற இருவரும் வெளியார். போன நாலு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு தடி நட்டு அடையாளம்கூட வைக்கவில்லை.

அவர் வீசினார். பந்து பறந்தது. மாமா கைதட்டினார். நானும் தட்டினேன்.

இரண்டாம் பந்தை வைத்தபோது பக்கத்துக் கூடாரத்து அக்கா தலைவிரி கோலமாய் ஓடிவந்தாள். "என்ட ரெண்டு புள்ளையளும் கிடக்குதுகள்டா அதுக்குள்ள! எடுடா காலை!"

பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக ஊரின் பிணங்களை ஒரே குழியில் போட்டு, மெசினால் மணலை இழுத்து மூடிய இடம் அது. வெள்ளைக்காரர் மட்டையைக் கீழே விட்டுத் தொப்பியைக் கழற்றினார். மணலில் உட்கார்ந்துவிட்ட மாமா, சுட்டது போல எழும்பினார்.

ஊர் கூடிவிட்டது. "ஆரு இந்த இடத்தைக் காட்டின? தோணிக்காகச் செத்ததுகள்ட தலையில விளையாட விட்டது ஆரு?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மட்டையை எடுத்து முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தார். அது வளைந்து வளைந்து நிமிர்ந்தது. மூன்று தரம் முயன்றும் முடியாமல் வீசியெறிந்தார்.

"நான்தான் காட்டினன்" என்றார். "என்ட பேரை வெட்டச் சொல்லுங்க."

பெயர் வெட்டுப்பட்டது. மாமா டுபாய்க்கே போனார். பிறகு சண்டை மூண்டு, ஷெல்லடிக்கு நாங்கள் திரும்பவும் ஊரை விட்டு ஓடினோம். சண்டை முடிந்து வந்த பிறகும் அப்பா மற்றவர்களின் தோணியில்தான் கூலிக்குப் போனார். பக்கத்துக் கூடாரத்து அக்கா அவரோடு ஒருநாளும் கதைக்கவில்லை. நான் அவர்மேல் வருசக்கணக்காகக் கோபமாக இருந்தேன். பொய் சொன்னதற்காக ஒருமுறை என்னை ஈர்க்கால் அடித்த மனிதர், ஊர் பார்க்கப் பொய் சொல்லித் தோணியைத் தொலைத்தாரே என்று.

அன்று பனைகளுக்கிடையால் திரும்பி வரும்போது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். பின்னால் ஊர் ஏசிக்கொண்டே வந்தது.

"கை நோகுதப்பா" என்றேன்.

பிடி இன்னும் இறுகியது. கூடாரத்துக்குக் கொண்டுபோய் அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.