சுனில் ஏலம் எடுக்கும் விதம்

புனேயில் கடைக்குப் போகும் தமிழர்களைப் பார்த்திருக்கிறீர்களா? லக்ஷ்மி ரோட்டுச் சேலைக் கடையில் உட்கார்ந்துகொண்டு கடைக்காரரிடம் இந்தியில் பேரம் பேசுவார்கள். அப்படியே முகம் மாறாமல் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில், "ரெண்டாயிரம்னாலும் எடுத்துடலாம், நீ புடிக்காத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கோ" என்பார்கள். என் அம்மா காலமெல்லாம் அப்படித்தான் வாங்கினாள். நாங்கள் பேசுவது இங்கே எவனுக்கும் புரியாது என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்தே ஒருவன் சொத்து சேர்த்திருக்கிறான். அவன் பெயர் சுனில். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சுனிலும் நானும் புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர்கள். அவன் அப்பா முனுசாமியும் என் அப்பாவும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்ட், குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு, இரண்டு குடும்பமும் ஆற்காட்டுப் பக்கம். எங்கள் வரிசையில் பிறந்த எல்லோருக்கும் நாலு மொழி தெரியும். சுனிலுக்கு மட்டும்தான் தெரியாதது போல நிற்கவும் தெரியும். நெற்றியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று, வெள்ளைச் சட்டை, நாசூக்கான மராத்தி. முனுசாமியின் மகன் இன்று ஊருக்கெல்லாம் சுனில்ராவ். தமிழை அவன் வீட்டிலும் என்னிடமும்தான் பேசுவான்.

தவணை கட்டாத பைக்குகளைப் பறிமுதல் செய்து நிறுத்தும் மைதானம் ஒன்றில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த பைக்குகள் ஆன்லைனில் ஏலம் போகும். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு தானே எடுத்து விற்க ஆரம்பித்தான். பிறகு கார், பிறகு வங்கிகள் ஏலம் விடும் ஃபிளாட்டுகள், கடைகள். கடன் கட்ட முடியாமல் எவனாவது கவிழ்ந்தால் சுனிலுக்கு அன்று நல்ல நாள். இதை நான் சொல்லவில்லை, அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

ஏலம் எடுப்பது எப்படி என்று டீக்கடையில் எனக்குப் பலமுறை பாடம் எடுத்திருக்கிறான். சொல்லிக்கொடு என்று நானாகக் கேட்டதே இல்லை.

"மச்சான், எல்லாரும் இன்னா நெனைக்கறான், கடைசி செகண்ட்ல பட்டன அமுக்குனா முடிஞ்சுதுன்னு நெனைக்கறான். பேங்க் ஏலத்துல அது நடக்காது. கடைசி அஞ்சு நிமிஷத்துல எவனாவது ஏத்துனா இன்னும் அஞ்சு நிமிஷம் தன்னால நீளும். அதுக்காக சீக்கிரம் ஏத்தாத. ஒவ்வொரு வாட்டியும் கடைசி செகண்ட் வரைக்கும் சும்மா இரு. எதிர்ல இருக்கறவன் ஜெயிச்சிட்டேன்னு நெனைப்பான். அப்ப ஏத்து. நாலு தடவ அப்படி பண்ணா அவனே கழண்டுக்குவான்."

"எதிர்ல இருக்கறவன் எதுவரைக்கும் போவான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் மேட்டரே. அவன் லிமிட் தெரிஞ்சா, அவனோட கடைசிப் படியில நீ போய் நின்னுக்கணும். அவன் ஏறணும்னா லிமிட்ட தாண்டணும். தெரிஞ்சிக்கறது எப்படின்னா, சொத்தப் பாக்க விடுற நாள் ஒண்ணு வருதில்ல, அன்னிக்குப் போயி காத தொறந்து வெச்சுகினு நில்லு. அன்னிக்கே ஏலம் முடிஞ்சிரும்டா. மீதி சும்மா பட்டன் அமுக்கறது."

ஐ.டி. கம்பெனித் தமிழர்கள் வீடு பார்க்க வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். புருஷனும் பெண்டாட்டியும் வங்கி அதிகாரியிடம் ஆங்கிலத்தில் அளந்து பேசிவிட்டு, பால்கனியில் நின்று தமிழில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். சுனில் பக்கத்தில் நின்று ஜன்னல் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருப்பான். இதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

இனி ஜமீலா அக்காவுக்கு வருகிறேன்.

வாகட்டில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் எதிரில், ஒரு வளாகத்தின் கீழ்த்தளத்தில், இஸ்மாயில் அண்ணனும் அவர் மனைவி ஜமீலாவும் மெஸ் நடத்துகிறார்கள். கடையநல்லூர்க்காரர்கள். ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கேதான் சாப்பாடு. பரோட்டாவும் சால்னாவும் ஒரு காரணம், ஜமீலா அக்காவின் வாய் இன்னொரு காரணம். அடுப்படியிலிருந்து அவள் புருஷனைத் திட்டுவதும், அவர் கல்லாவிலிருந்து பதில் சொல்வதும் கடை முழுக்கக் கேட்கும். சாம்பார் வாளியோடு வரும் அண்ணனைப் பார்த்து, "அந்தத் தம்பிக்கு ஊத்துங்க, கெணத்துல விழுந்த வாளி மாதிரி அங்கேயே நிக்கிய" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அண்ணன்தான் முதலில் சிரிப்பார்.

கடை அவர்களுடையதல்ல. கட்டடக்காரன் கடனில் மூழ்கினான், வங்கி கடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு அறிவித்தது. புதிதாக வாங்குகிறவன் காலி செய்யச் சொன்னால் தெருவில் நிற்க வேண்டியதுதான். நாமே எடுத்துவிடுவோம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஊரில் இருந்த மனையை விற்றார்கள், நகையை வைத்தார்கள், மீதிக்கு ஒரு கூட்டுறவு வங்கியில் கடனுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். ஆன்லைன் வேலைகளையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். முன்பணம் கட்டியாயிற்று.

கடையைப் பார்க்க விட்ட நாளில் நான் ஆஃபீசில் இருந்தேன். நடந்ததைப் பிற்பாடு அண்ணனும் சுனிலும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள். வங்கி அதிகாரியோடு நாலைந்து பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அதில் நெற்றிக் கீற்றும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவன் மராத்தியில் நயமாகப் பேசினான். ஜமீலா அக்கா அவனுக்கு டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவன் முன்னாலேயே புருஷனிடம், "இவன் மூஞ்சப் பாத்தா வாங்குத மூஞ்சி மாதிரி இல்ல. டீ குடிக்க வந்துருக்கான்" என்றாள்.

"மெதுவாப் பேசு" என்றார் அண்ணன்.

"இங்க எவனுக்குத் தமிழ் தெரியும்? நல்லாக் கேட்டுக்கோங்க, அம்பத்தாறு லட்சம் வரைக்கும் போவோம். அதுக்கு மேல வேண்டாம். இந்தக் கடை கைய விட்டுப் போச்சுன்னா நமக்கு வேற போக்கு கெடையாது. வாரவன் என்ன வாடக கேட்டாலும் குடுத்துக்கிட்டு இங்கதான் கெடக்கணும்."

டீ குடிக்க வந்தவன் கண்ணாடி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, பிரமாதம் என்று மராத்தியில் சொல்லிப் போனான்.

ஏலத்தன்று கடைக்கு விடுமுறை. என் லேப்டாப்பை மேசையில் வைத்து மூவரும் உட்கார்ந்தோம். ஆரம்பத்தில் நாலு பேர் ஏற்றினார்கள். ஐம்பது லட்சம் தாண்டியதும் இருவர் விலகிவிட்டார்கள். மிச்சம் நாங்களும் பெயர் தெரியாத ஒருவனும். திரையில் எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் நேரம் முடிவதற்குச் சற்று முன் அவன் ஏற்றினான். மூன்று முறை ஜமீலா அக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்ல வாயெடுத்தாள், மூன்று முறையும் பாதியில் எண் மாறியது. நடுவில் ஒருதரம் அவன் இரண்டு படி சேர்த்து ஏறினான். எங்கள் கடைசிப் படி அவன் முறையில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. முடிவில் சரியாக ஐம்பத்தாறில் வந்து நின்றான்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அவ்வளவுதான். விடுங்க தம்பி."

ஜமீலா அக்கா கையில் மிச்சமிருந்த இரண்டு வளையலையும் கழற்றி மேசையில் வைத்தாள். "இன்னும் ஒரு ஏத்தம் போடுங்க தம்பி" என்றாள். அண்ணனைப் பார்த்தேன். தலையாட்டினார். போட்டேன். மூன்று பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி நொடிகளில் எண் மறுபடி மாறியது. அதன் பிறகு மேசையில் வைக்க ஒன்றுமில்லை.

வளையலைப் பற்றிச் சுனில் பிறகு டீக்கடையில் சொன்னது இது: "டீ குடுக்கும்போது கையில பாத்தேன் மச்சான். பொம்பளைங்க அத கடைசில கழட்டுவாங்க. அதுக்குன்னே ரெண்டு படி கூட வெச்சிருந்தேன்." அவன் எடுத்த கடை எது என்று அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். செவிட்டில் ஒன்று விட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

சாவி கைக்கு வந்த அன்று சுனில் மெஸ்ஸுக்கு வந்தான். மேசைகளைத் தாண்டி நேராக அடுப்படி வாசலுக்குப் போய் நின்றான்.

"அக்கா, ஒரு டீ குடுங்க" என்றான் தமிழில்.

நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜமீலா அக்கா கையிலிருந்த கரண்டியோடு அவனையே பார்த்தாள். "நீங்க தமிழா?"

"கட்கி. பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான்."

"அன்னைக்கு நாங்க பேசுனது..."

"கேட்டுச்சுக்கா. வாடக எவ்ளோ கேட்டாலும் குடுப்பேன்னு சொன்னீங்கல்ல? ரொம்ப கேக்க மாட்டேன். இப்ப இருக்கறது மாதிரி ரெண்டு மடங்கு. பதினோரு மாச அக்ரிமென்ட்."

இஸ்மாயில் அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கையெழுத்துப் போட்டார். அவன் போன பிறகு மனைவி பக்கம் திரும்பி, "ஒன் வாயாலதான் போச்சு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு மேல் அவளிடம் அவர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு பேசிய பெண், தட்டை வைப்பாள், எடுப்பாள். சாம்பார் வேண்டுமா என்பதைக்கூடக் கையால் கேட்பாள். அண்ணனுக்கு ஏதாவது வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்து, "ரெண்டு பரோட்டா" என்பார். எனக்குச் சோறு இறங்காது. சுனிலுக்கு இறங்கியது. வாடகையோடு தினமும் மதியச் சாப்பாடும் ஓசி என்று அவனே சேர்த்துக்கொண்டிருந்தான். "சாப்பாடு ஓகே மச்சான். ஆனா இந்தக் கடையில முன்ன மாதிரி கலகலப்பு இல்ல" என்று ஒருநாள் என்னிடமே குறைப்பட்டான்.

பதினோரு மாதம் முடிந்தது. மோமோ விற்கும் பெரிய கம்பெனி ஒன்று இந்தக் கடையைக் கேட்கிறது என்று சுனில் சொன்னான். "நீங்க பழைய ஆளு, உங்கள அப்படியே வெளிய அனுப்ப மனசு வரல. ஒண்ணு பண்ணலாம். காலையிலிருந்து மதியம் வரைக்கும் வாட்ஸப் குரூப்ல ரெண்டு பேரும் வாடகைய ஏத்துங்க, கடைசி அஞ்சு நிமிஷத்துல ஏத்துனா பேங்க் மாதிரியே இன்னும் அஞ்சு நிமிஷம் நீளும். யாரு கூட குடுக்கறாங்களோ அவங்களுக்குக் கட." இதையும் ஏலமாக்கிவிட்டான். இஸ்மாயில் அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. இந்த முறை தானே ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் பார்க்காதது போலப் போயும் சுனில் விடாமல் பிடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்: "மோமோவும் இல்ல, ஒண்ணும் இல்லடா. என்னோட ரெண்டாவது நம்பர்தான். பாவம், தனியாவே ஏறிகினு இருந்தாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மெஸ்ஸுக்கு நடந்தேன். அண்ணனிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும், இரண்டு பேரும் போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

கடை நிறைய ஆட்கள். அண்ணன் கையில் பாத்திரத்தோடு மேசை மேசையாகப் போய் எல்லோருக்கும் ரவா கேசரி வைத்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஜெயிச்சுட்டேன் தம்பி. பெரிய கம்பெனிக்காரன், நம்மகிட்ட நிக்க முடியலயே. கட்டாது சார்னு கடைசில போயிட்டான். வாடக கொஞ்சம் கூடத்தான். இருக்கட்டும், பாத்துக்கலாம். ஒக்காருங்க." அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷமாகப் போகிறது.

வேறொருவர் கூப்பிட, அந்தப் பக்கம் போனார். நான் அடுப்படி வாசலுக்குப் போனேன். ஜமீலா அக்கா வாணலியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அந்த மோமோ கம்பெனி..."

"தெரியும் தம்பி." அவள் தலை நிமிரவில்லை. "பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒவ்வொரு மெசேஜும் நேரம் முடியப் போவும்போதுதான் வந்துச்சு. அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல வந்த மாதிரியே. எதுத்தாப்புல வேற ஆளே இல்ல, அவனேதான். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"ஒரு தடவ வாயத் தொறந்தேன், கட போச்சு. இப்ப அவுக ஜெயிச்சிருக்காவ. ஜெயிச்சதாவே இருக்கட்டும். நீங்களும் சொல்லிராதீங்க."

கூடத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "ஜமீலா, தம்பிக்கு முந்திரியாப் பாத்து இன்னும் கொஞ்சம் வை."

அவர் வாயிலிருந்து தன் பெயரைப் பதினோரு மாதத்துக்குப் பிறகு கேட்டவள், கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, முந்திரியாகப் பார்த்து வைத்தாள்.