உண்மையைச் சொன்ன மாப்பிள்ளை

குணசுந்தரியும் நானும் எங்கள் ஊர் சிடாம் கிரியிலிருந்து ஒரே வேனில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். எட்டு வருடமாக எனக்குப் பக்கத்து இருக்கை அவள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். செய்யாத தவறுக்கு சூப்பர்வைசர் திட்டினாலும் தலையாட்டிவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவளை இந்தக் குடிநுழைவு அதிகாரிகள் என்ன பாடு படுத்தினார்கள் என்று நாலு பேரிடம் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

முப்பத்தொரு வயதில் அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மெய்யப்பன், அவள் அம்மா ராக்காயிக்குத் தூரத்துச் சொந்தம். தேவகோட்டைப் பக்கம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். ஒரு வருடம் போனிலேயே பேசிப் பழகினார்கள். இவள் லீவு போட்டு நாடு விட்டு நாடு அங்கே போனாள்; தாலி கட்டி, பதிவு செய்து, பத்தொன்பது நாள் சேர்ந்திருந்தார்கள். லீவு முடிந்ததும் இவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"மூணு மாசத்துல அவருக்கு இங்க தங்க பாஸ் கிடைச்சிரும்லா, வாசுகிக்கா," என்றாள் வேனில்.

மூன்று மாதம் ஐந்தானது. கல்யாணத்தை இங்கேயும் பதிந்தாள். பத்திரத்தை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். வெளிநாட்டவருக்குப் பாஸ் கொடுக்கிற குடிநுழைவுக் கவுண்டரில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கேட்டார்கள். போன தடவையே அதைச் சொல்லியிருக்கலாமே என்றால், "சூராட் வரும், காத்திருங்கள்," என்பார்கள். அந்தக் கடிதமும் வரவில்லை.

ஒரு நாள் அங்கிருந்த அதிகாரி கல்யாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இரண்டு பேருமே சிரிக்கவில்லையே, இது உண்மையான கல்யாணமா?" என்று கேட்டாராம். தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்களா? மேடிட்ட வயிற்றோடு ஒருத்தி எதிரில் நிற்கிறாள். அவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? போதாததற்கு, "அங்கேயே போய்ப் பெற்றுக்கொள்ளலாமே," என்றும் சொன்னாராம். தான் பிறந்த நாட்டில் பிள்ளை பெற இவரிடம் அவள் அனுமதி கேட்டாளா?

பிரசவத்துக்காவது பக்கத்தில் இருக்கலாம் என்று மெய்யப்பன் கிளம்பி வந்தார். சுற்றுப்பயணியாக ஒரு மாதம் வந்து போகத் தடை இல்லை என்றார்கள். திரும்பிப் போகிற டிக்கெட்டும் கையில் இருந்தது. நானும் குணசுந்தரியும் காலை ஒன்பது மணிக்கே விமான நிலையத்தில் போய் நின்றோம். அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அவரை மட்டும் காணோம். நிற்க முடியாமல் அவள் உட்காருவாள். கதவு திறந்தால் மறுபடி எழுந்துகொள்வாள். மத்தியானம் இரண்டு மணிக்கு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார்.

"எதுக்கு வந்தேன்னு கேட்டாங்க, சுந்தரி. சம்சாரத்துக்குப் பிரசவம், கூட இருக்க வந்தேன்னு சொன்னேன். அப்ப இங்கேயே தங்கிருவேன்னு சொல்றாங்க. சாயங்கால பிளேன்ல திருப்பி அனுப்பப் போறாங்களாம்."

"நான் வெளியதான் நிக்கிறேன். ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்னு கேளுங்க."

"கேட்டேன்மா. விடமாட்டேங்கிறாங்க."

அவர் உள்ளே, இவள் வெளியே. நடுவில் ஒரு கதவு. அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது கேட்டாள்: "ஊர் சுத்திப் பார்க்க வந்தேன்னு பொய் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களாக்கா?"

விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மகள் பிறந்தாள். ராக்காயியும் நானும்தான் மருத்துவமனையில் இருந்தோம். மெய்யப்பன் பிள்ளையைப் போனில் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தையோடு கவுண்டருக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அதே அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் கணவர் திருப்பி அனுப்பப்பட்டவர். ஏன் என்று விளக்கக் கடிதம் கொண்டு வாருங்கள்," என்றார்.

குணசுந்தரி எழுந்து நின்றாள். மலாயில், கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "அனுப்பினது நீங்க. ஏன் அனுப்பினீங்கன்னு நான் எப்படி எழுதுறது? நீங்க எழுதிக் கொடுங்க. வாங்காம இங்கேருந்து போகமாட்டேன்."

அவளா பேசுகிறாள் என்று நான் திகைத்துப் போனேன். எண் சீட்டோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து மேலதிகாரி வந்து கோப்பைக் கேட்டு வாங்கினார். புரட்டிப் பார்த்த அவர் முகமே மாறிவிட்டது. எல்லாத் தாள்களும் சரியாகத்தான் இருந்தன. நான்கு மாதமாக அதை யாரும் மேலே அனுப்பவில்லை. அவ்வளவுதான் விஷயம்! ஒருத்தர் மேசையில் ஒரு கோப்பு சும்மா கிடந்ததற்காக ஒரு மனிதன் தன் பிள்ளை பிறந்தபோது கூட இல்லாமல் போனான்.

பதினொரு வாரத்தில் அனுமதி வந்தது. மெய்யப்பன் வந்து இறங்கியபோது குழந்தைக்கு ஐந்து மாதம். அவர் கை நீட்டியதும் வீறிட்டு அழுதது. அவரிடம் ஒட்டிக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது. பாஸ் ஒரு வருடத்துக்குத்தான். வேலை செய்வதற்குத் தனியாக எழுதிப் போட வேண்டுமாம். கைத்தொழில் தெரிந்த மனிதர் இப்போது வீட்டில் பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

விமான நிலையத்தில் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு குணசுந்தரி மூன்று கடிதம் போட்டுவிட்டாள். பதில் இல்லை.

"நான்தான் வந்துட்டேன்ல, விட்டுரேன்," என்றார் மெய்யப்பன் போன வாரம், நான் அங்கே இருந்தபோது.

"நீங்க வந்துட்டீங்க. அவங்க செஞ்சது தப்புன்னு இன்னும் யாரும் சொல்லலையே," என்றாள் அவள். பிறகு நான்காவது கடிதத்தை என்னிடம் நீட்டி, மலாய் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொன்னாள். ஒரே ஓர் எழுத்துப் பிழைதான் இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.