கஞ்சிக்குக் கைப்பேசி கொடுத்த அனுமதி

இதய வால்வு மாற்றியதிலிருந்து என் கணவருக்கு ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை. தலைவலிக்குக்கூட டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் கர்க்கடகக் கஞ்சியில் கவிழ்ந்தார்.

எங்கள் திருவனந்தபுரத்தில் ஆடி மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். மழை மாதத்தில் உடம்பைத் தேற்ற மூலிகைக் கஞ்சி குடிப்பது மலையாளிகள் வழக்கம். வலியசாலைத் தமிழர்களான நாங்களும் எப்போதோ அதைப் பிடித்துக்கொண்டோம். கிழக்கேகோட்டைக் கடைகளில் வெந்தயமும் பச்சிலைப் பொடிகளும் சேர்த்துப் பாக்கெட்டாகவே கிடைக்கும். எங்களைப் பொறுத்தவரை அது சாப்பாடு. சாப்பாட்டுக்கு யாராவது டாக்டரைக் கேட்பார்களா?

எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஏன்னா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன்" என்றேன்.

"கஞ்சிக்கெல்லாம் அவரைப் படுத்துவாளா? ஏஐகிட்ட கேட்டாச்சு" என்று கைப்பேசியை நீட்டினார். மாத்திரையின் பெயரையும் கஞ்சியின் பெயரையும் போட்டிருந்தார். பாரம்பரியமான சத்துணவு, தாராளமாகச் சாப்பிடலாம் என்று அழகான தமிழில் பதில் வந்திருந்தது. பாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை.

"ஒரு கொழப்பமும் இல்லைடி!" என்று அவரே கஞ்சியை அடுப்பில் ஏற்றினார்.

அடுத்த வாரம் அவர் பல் தேய்த்துத் துப்பியதெல்லாம் சிவப்பு. எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்கையில் கருநீலத் திட்டு. அவரோ மறுபடி கைப்பேசியைக் கேட்டார். மென்மையான பிரஷ் வாங்கச் சொன்னதாம். வந்ததே எனக்குக் கோபம்!

"பிரஷ்ஷும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சட்டையைப் போடுங்கோ!"

பாக்கெட்டைப் பையில் திணித்து, ஆட்டோ பிடித்து, ஆளை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் முணுமுணுத்தார். நான் காதில் வாங்கவில்லை.

டாக்டர் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்ததுமே ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்து அவர் முகம் மாறியது. ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப் போயிருந்தது.

"இதுல உள்ள சிலது மாத்திரையோட வேகத்தைக் கூட்டிடும். குளிமுறி ஈரத்துல வழுக்கி விழுந்து, தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா?" என்று கேட்டு, அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

கட்டிலில் படுத்தபடி என் கணவர் நடந்ததையெல்லாம் ஏஐயிடம் எழுதினார். நீங்கள் சொல்வது சரிதான், மன்னிக்கவும், உடனே மருத்துவரை அணுகவும் என்றது. மனுஷன் தப்பாகச் சொல்லியிருந்தால் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இதை எங்கே போய்த் திட்டுவது? பயமும் ஆத்திரமுமாக அழுதுவிட்டேன்.

இந்த வருஷமும் கர்க்கடகம் பிறந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மூலிகைக் கஞ்சி மணம் வந்தது. நான் வெறும் அரிசிக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்தார். நான் முறைத்தேன்.

"டாக்டருக்குத்தாண்டி போன் பண்றேன்" என்றார். "தொட்டுக்க ஊறுகாய் போட்டுக்கலாமான்னு."